பொங்குமாங்கடலை ஃபிலிமில் பிடிப்பது எப்படி?

– இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் படிப்பு



நம் தென்காசிக்குக் கடல் கிடையாது. கடல் பார்க்க ஆசை வந்தால் திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் பெயரிலேயே கடலை வைத்திருக்கும் ஓர் இடம் நமக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. குற்றாலம் பேரருவி மலையிலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பாறையில் இருக்கும் ஒரு பெரிய பள்ளத்தில் விழுகிறது. அங்கே சுழன்று, கொதித்து, நிரம்பி, அதன்பிறகு விரிந்து வழிந்து நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளத்துக்குத்தான் பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீரின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் நாம் கீழே நின்று குளிக்க முடிகிறது. ஆனி, ஆடியில் சீசன் உச்சத்தில் இருக்கும்போது அண்ணாந்து பாருங்கள். புயல் நேரத்துக் கடலைத் தூக்கி மலையில் மாட்டியது போல இருக்கும்.

கொந்தளிக்கும் கடலைப் படம் எடுப்பவர்களுக்கு என்னென்ன சங்கடம் உண்டோ, அத்தனையும் இங்கேயும் உண்டு. வெள்ளை வெளேர் என்று நுரை, பக்கத்திலேயே கன்னங்கரேல் என்று பாறை, மூடிய வானம், லென்ஸில் வந்து அப்பும் சாரல், ஒரு நொடி நிற்காத அசைவு. உப்பு மட்டும்தான் இல்லை. அதனால் கடலுக்குச் சொல்லும் பாடம் அருவிக்கும் பொருந்தும், அருவியில் கற்றது கடலிலும் உதவும். ஃபிலிம் கேமராவையும் நாலைந்து ஃபில்டர்களையும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மொபைல் இருக்கும்போது ஃபிலிம் எதுக்குல என்று நம் ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மொபைல் நன்றாகவே எடுக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் உள்ளுக்குள் பல படங்களை எடுத்து, சேர்த்து, வெளிச்சத்தைச் சரிக்கட்டி, நமக்கு ஒன்றாகக் கொடுத்துவிடும். ஆனால் அது என்ன செய்தது, ஏன் செய்தது என்று நமக்குச் சொல்லாது. ஃபிலிம் கேமராவில் எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும். மூடியைக் கழற்றி என்ஜினைப் பார்ப்பது போல. மெக்கானிக்கல்காரனுக்கு அது பிடிக்காமல் போகுமா?

என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976-இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த மாடல். எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி கொடுத்தது. “சும்மாதான கெடக்கு, கொண்டு போல. ஆனா இது மொபைல் இல்ல, டக்கு டக்குனு அமுக்காத, ஒவ்வொண்ணும் துட்டு” என்று சொல்லித்தான் கொடுத்தார். ஷட்டர் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். உள்ளே இருக்கும் பட்டன் செல் லைட் மீட்டருக்கு மட்டும்தான். செல் தீர்ந்தாலும் கேமரா ஓடும். மீட்டருக்குத் தனியே ஆன், ஆஃப் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடிதான் சுவிட்ச். கூடவே 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, 135 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய ஃபில்டர்கள். அந்த டப்பாதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

துட்டு என்று அண்ணாச்சி சொன்னது சும்மா இல்லை. ஒரு ரோல் வாங்கி, 36 படம் எடுத்து, டெவலப் செய்து, ஸ்கேன் செய்து வாங்கினால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது. எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். அந்த 40 ரூபாய்க்கு அவர் 150 பீடி சுற்ற வேண்டும். நான் ரோல் வாங்குவது சீசனில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கடையில் நின்ற கூலியில்தான் என்றாலும், ஷட்டரை அமுக்கும்போது எனக்கு அந்த 150 பீடி ஞாபகம் வந்துவிடும். ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டிலேயே ஃபிலிம் செய்தார்கள். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் விற்றது. அண்ணாச்சி தொழில் பழகியதே அதில்தான். இப்போது அந்த ஆலை இல்லை. நாம் வாங்குவது எல்லாம் கடல் தாண்டி வருவது, விலையும் அப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது இன்னொன்று. கேமராவில் திறப்புக்கு அபர்ச்சர் என்று பெயர், நேரத்துக்கு ஷட்டர் ஸ்பீடு என்று பெயர். குடத்தின் அளவுதான் ஃபிலிமின் ஐஎஸ்ஓ. 400 என்பது சின்னக் குடம், சீக்கிரம் நிரம்பும். 100 என்பது பெரிய குடம். லென்ஸில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று எண்கள் இருக்கும். என்னடா இது விசித்திரமான வரிசை என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு பாதியாக வேண்டுமானால் விட்டத்தை ரூட் 2-ஆல் வகுக்க வேண்டும் என்று நாம் படித்ததுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் வெளிச்சம் பாதி. இந்தப் பாதிக்கு ‘ஒரு ஸ்டாப்’ என்று பெயர். ஷட்டரில் 1/125-லிருந்து 1/60-க்கு வந்தால் வெளிச்சம் இரட்டிப்பு, அதுவும் ஒரு ஸ்டாப்.

இதில் ஃபில்டர் எங்கே வருகிறது? ஃபில்டர் என்பது குழாய் வாயில் கட்டும் துணி. எந்த ஃபில்டராக இருந்தாலும் அது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கத்தான் செய்யும். குறைத்ததைத் திறப்பிலோ நேரத்திலோ ஈடுகட்ட வேண்டும். நேரத்தில் ஈடுகட்டினால் தண்ணீரின் உருவமே மாறிவிடும், அருவியும் அலையும் ஓடிக்கொண்டே இருப்பதால். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கணக்குத்தான். முதலில் தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பாருங்கள். கடைசியில்தான் ஃபில்டர். நிறையப் பேர் ஃபில்டரை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள்.

1/500 வைத்தால் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணி போல உறைந்து நிற்கும். 1/125-இல் நுரை உறைந்தும் உறையாமலும் இருக்கும். நாம் கண்ணால் பார்ப்பதற்கு ஏறக்குறைய அதுதான் பக்கம். 1/15-க்குக் கீழே போனால் தண்ணீர் நூல் நூலாக இழுபடும். அரை நொடி, ஒரு நொடி என்றால் பால் ஊற்றியது போல ஆகிவிடும். காலண்டரில் வருகிற அருவிப் படங்கள் பெரும்பாலும் இந்தப் பால் ரகம். கடலில் இன்னும் மோசம். பல நொடிகள் திறந்து வைத்தால் அலையே இருக்காது, பாறையைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி ஒன்று நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புயல் எங்கே போயிற்று? ஆளை அடித்துச் சாய்க்கிற தண்ணீரைத் தூங்குகிற தண்ணீராகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளம் பொங்கும் நாளில் நான் 1/125-க்கும் 1/250-க்கும் நடுவில்தான் நிற்பேன். புரட்டாசி வாக்கில் தண்ணீர் மெலிந்து, பாறை மேல் பூணூல் மாதிரி இறங்கும்போது வேண்டுமானால் அரை நொடி வைக்கலாம், அப்போது அது பொய் ஆகாது.

அடுத்தது மீட்டர் செய்யும் ஏமாற்று. கே1000-இல் கண் வைத்துப் பார்க்கும்போது வலது பக்கம் ஒரு முள் தெரியும். முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். ஆனால் மீட்டருக்கு நுரை எது, பாறை எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்ளும். கட்டம் முழுக்க நுரையைக் காட்டினால், ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று குறைக்கச் சொல்லும். சொன்னபடி கேட்டால் பேரருவி சாம்பல் கரைத்த தண்ணீராக வரும். அங்கே முள் சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடக் கொடுக்க வேண்டும். எதிர்மாறாக, ஈரப் பாறை கட்டத்தை நிறைத்துத் தண்ணீர் ஓரமாக விழுந்தால் மீட்டர் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லும், நுரையின் நெளிவு சுளிவு எல்லாம் வெந்து போய்விடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அருவிக்குப் பக்கத்தில் அதே வெளிச்சத்தில் இருக்கும் செடி கொடியைப் பார்த்து மீட்டர் வையுங்கள். பச்சை இலை ஏறக்குறைய நடுத்தரம்தான். இலை மினுங்காத பக்கமாகப் பார்த்து அளக்க வேண்டும், அவ்வளவே.

இனி பிஸ்கட் டப்பா.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பி.எல். என்கிற போலரைசர். நாம் பிசிக்ஸ் தியரியில் ப்ரூஸ்டர் கோணம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோமே, அது இங்கே கண்ணுக்கு நேராக வேலை செய்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதன் டேன் இன்வர்ஸ் 53 டிகிரி. நனைந்த பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து 53 டிகிரியில் பார்த்தால், அந்தப் பரப்பில் பட்டு வரும் பளபளப்பு முழுக்க ஒரே திசையில் அதிரும் ஒளியாக இருக்கும். பி.எல்.-ஐத் திருகி அந்தத் திசையை அடைத்துவிட்டால் பளபளப்பு காணாமல் போகும். குற்றாலத்தில் நனையாத பொருள் எது? பாறை, இலை, மரப்பட்டை எல்லாம் வானத்தின் வெள்ளையை எதிரொலித்து வெளுத்துப் போய் நிற்கும். பி.எல்.-ஐ மாட்டி மெதுவாகத் திருகுங்கள். ஓர் இடத்தில் பாறை சட்டென்று கறுக்கும், இலை பச்சையாகும். முதல் தடவை பார்த்தபோது பரீட்சையில் எழுதின சூத்திரம் இதைத்தான் சொன்னதா என்று இருந்தது.

பி.எல். வானத்தை நீலமாக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது வெயில் நாளில், சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும் நீல வானத்துக்கு. சாரல் நாளில் மூடிக் கிடக்கும் வெள்ளை வானத்தை அது ஒன்றும் செய்யாது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். இன்னொரு வேடிக்கை, வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து அடிக்கும்போது சாரலில் வானவில் வருமல்லவா? வானவில்லின் ஒளியும் ஒரே திசையில் அதிர்வதுதான். பி.எல்.-ஐத் தப்பான பக்கம் திருகினால் வானவில் அழிந்தே போகும், சரியாகத் திருகினால் எடுப்பாகத் தெரியும். சும்மா ஒரு தடவை கண்ணில் வைத்துத் திருகிப் பாருங்கள், காசு இல்லாமல் மேஜிக் ஷோ.

பழைய ஃபில்டர் கடையில் ‘இது பி.எல்.தான்’ என்று எதையாவது தலையில் கட்டப் பார்த்தால், பையில் இருக்கும் கால்குலேட்டரை எடுத்து அதன் திரைக்கு முன்னால் ஃபில்டரைப் பிடித்துத் திருகுங்கள். எண்கள் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தால் அது பி.எல். எந்த மாற்றமும் இல்லையென்றால் வெறும் சாம்பல் கண்ணாடி. சர்க்குலர் வகை என்றால் முன்பக்கம் திரையைப் பார்த்து இருக்க வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் கேமராக்களுக்கு அந்த சர்க்குலர் வகைதான் வேண்டும். கே1000 போன்ற பழைய கேமராவுக்குச் சாதாரண லீனியர் போதும், விலையும் குறைவு.

பி.எல். ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். நல்ல மூட்டமான நாளில், 200 ஃபிலிமுக்கு, திறந்தவெளியில் எஃப் 8-க்கு 1/125 வரும். அருவிப் பக்கம் மலையும் மரமும் மறைப்பதால் இன்னும் இரண்டு ஸ்டாப் குறையும். எஃப் 8-க்கு 1/30. பி.எல். இரண்டைத் தின்றால் 1/8. கையில் பிடித்து எடுக்க முடியாது. எஃப் 2.8-க்குத் திறந்தால் 1/60 கிடைக்கும், தட்டுத்தடுமாறிச் சமாளிக்கலாம். 135 மி.மீ. லென்ஸ் என்றால் அதுவும் முடியாது. அதற்கு 1/125-ஆவது வேண்டும், லென்ஸும் அவ்வளவு திறக்காது. அதனால்தான் சாரல் நாளுக்கு 400 ஃபிலிம் போடுங்கள் என்று சொல்கிறேன். வெளிச்சம் நிறைய இருக்கும் என்று நினைத்து 100 வாங்கிவந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு லாபம் இருக்கிறது. வெளிச்சத்தை மட்டும் குறைத்து நிறத்தைத் தொடாத சாம்பல் ஃபில்டருக்கு என்.டி. என்று பெயர். என்.டி. 2 ஒரு ஸ்டாப், 4 இரண்டு, 8 மூன்று. பால் போன்ற தண்ணீர் வேண்டும் என்பவர்கள் இதற்குத் தனியாகக் காசு செலவழிக்கிறார்கள். மேலே சொன்ன வெளிச்சத்தில் பி.எல்.-ஐ மாட்டி எஃப் 16 வைத்தாலே அரை நொடி வந்துவிடுகிறது! ஆக பி.எல்.தான் ஏழையின் என்.டி. 4. ஸ்டாண்டு மட்டும் கட்டாயம் வேண்டும். 22 வரை மூடலாம்தான், ஆனால் ஓட்டை ரொம்பச் சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மழுங்கும். ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 4 நொடி என்றால் அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கூட என்பது ஒவ்வொரு ஃபிலிமுக்கும் மாறும், அந்த ஃபிலிமுக்கான அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலர் கண்ணாடிகள் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு. கலர் ஃபிலிமில் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் படம் முழுக்கச் சிவப்பாகத்தான் வரும். விதி சுலபம்: ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கறுக்க வைக்கும். மஞ்சள் ஒரு ஸ்டாப், ஆரஞ்சு இரண்டு, அடர் சிவப்பு மூன்று என்று வெளிச்சம் போகும். கே1000-இன் மீட்டர் லென்ஸ் வழியாகவே அளப்பதால் ஃபில்டரோடு அளந்தால் தானே கழித்துக்கொள்ளும். சிவப்புக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், ஃபில்டர் இல்லாமல் அளந்து மூன்று ஸ்டாப் நீங்களே கொடுங்கள். இனி அருவிக்கு வருவோம். வெள்ளம் வரும்போது பேரருவித் தண்ணீர் செம்மண் கலந்து டீ நிறத்தில் இறங்கும். பின்னால் பச்சை மரங்கள். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் டீ நிறமும் பச்சையும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும், எது தண்ணீர் எது காடு என்று தெரியாது. ஆரஞ்சு மாட்டினால் காடு கறுத்து, தண்ணீர் வெளுத்துத் தனியே பிரிந்து நிற்கும். பொங்குமாங்கடலின் விளிம்பில் தண்ணீர் எம்பிக் குதிக்கும் இடத்தை 135 லென்ஸில் இப்படி எடுத்தால், இது குற்றாலம் என்று சொன்னால்தான் தெரியும், சொல்லாவிட்டால் கடல்தான். பச்சை ஃபில்டரை அன்றைக்கு டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஃபில்டர் போட்டால் புயல் மேகம் மிரட்டலாக வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மேகத்துக்கு நடுவே நீலம் தெரிந்தால்தான் அந்த நீலம் கறுத்து மேகம் எடுபடும். முழுக்க மூடிய வானத்தில் கறுக்க நீலம் ஏது? அங்கே வேண்டியது பாதி சாம்பல், பாதி தெளிவாக இருக்கும் ஃபில்டர். சாம்பல் பாதியை வானத்தின் மேல் வைத்துவிட வேண்டும். அருவியில் இது அவ்வளவு உதவாது, தண்ணீர் மேலிருந்து கீழே வரை நீள்வதால் அதன் தலையும் சேர்ந்து கறுத்துவிடும். தொடுவானம் நேர்கோடாக இருக்கும் கடலுக்குத்தான் அது பொருத்தம். வானத்துக்கும் கடலுக்கும் உள்ள இந்தச் சண்டை போட்டோகிராபி பிறந்த காலத்திலேயே இருந்தது. அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும் நன்றாகப் பதியும். கடலுக்குச் சரியாக நேரம் கொடுத்தால் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொரு நெகட்டிவிலும் எடுத்து, இரண்டையும் ஒரே பேப்பரில் பிரிண்ட் போட்டார். பார்த்தவர்கள் அசந்துபோனார்களாம். இன்றைக்கு மொபைல் உள்ளுக்குள் செய்வது கிட்டத்தட்ட அதேதான்!

கடைசியாக யு.வி. ஃபில்டர். படத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் செய்யாது. ஆனால் சாரலுக்கு முன்னால் லென்ஸின் நெஞ்சைக் கொடுக்காமல் இதைக் கொடுக்கலாம். துடைத்துத் துடைத்துக் கீறினால் ஃபில்டரோடு போகும், லென்ஸ் தப்பும். வேறு ஃபில்டர் மாட்டும்போது யு.வி.-யைக் கழற்றிவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி எதிரொலித்து நுரை மங்கும்.

துடைப்பதற்குப் பலமுறை துவைத்துப் பஞ்சான பழைய வேட்டித் துணியைவிட நல்லது எதுவும் கிடையாது. கேமராவைப் பாலிதீன் பைக்குள் விட்டு, லென்ஸ் வாய்க்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டு சுற்றுங்கள். நண்பன் ஒருத்தன் குடை பிடித்தால் உத்தமம். சாரலில் நின்று ரோல் மாற்றாதீர்கள், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையில் போட்டு மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஃபேனுக்கு அடியில் காயவிட்டு, புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் வைக்கலாம். கடலோரம் என்றால் உப்பு. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றைக்கே துடைக்காவிட்டால் திருகாணி எல்லாம் துருப்பிடிக்கும்.

இவ்வளவு நேரம் கேமராவைப் பற்றிச் சொன்னேன். கேமரா பிடிக்கிற ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவில் கண் வைத்தால் நமக்குத் தெரிவது அந்தச் சின்னக் கட்டம் மட்டும்தான். கட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. காதுக்கும் அருவிச் சத்தம்தான். அருவியிலும் கடலிலும் ஆபத்து எப்போதுமே கட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. குற்றாலத்துத் தண்ணீர் குற்றாலத்தில் பெய்த மழை இல்லை. மேலே மலையில் பெய்தது. தென்காசியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்திருக்கலாம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓட, திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். நம்மைவிட ஒரு வயது சின்னவர். அதற்குப் பதினொரு நாள் முன்பு, மே 6-ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. அன்றைக்கு அங்கே புயல் இல்லை. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் வந்து ஏறும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த நாட்களில் கடலுக்கு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்கள்.

அதனால் சில விஷயங்களைக் கறாராகவே சொல்கிறேன். தண்ணீர் சட்டென்று நிறம் மாறினாலும், சருகும் குச்சியும் வர ஆரம்பித்தாலும், சத்தம் கனத்தாலும், கட்டத்தில் எவ்வளவு நல்ல காட்சி இருந்தாலும் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வெளியே வாருங்கள். போலீஸ்காரர் விசில் அடித்தால் ‘ஒரே ஒரு படம் சார்’ என்று நிற்காதீர்கள். பாறை மேல் ஏறாதீர்கள். பாசி எந்த ஷூவுக்கும் பிடி கொடுக்காது. செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம். இதற்கெல்லாம் விடை 135 லென்ஸ். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் குளிக்க வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். நமக்கு அதுதான் நாள்! அருவிக்கு அடியில் ஒரு தலை இல்லாமல், போலீஸ் நிற்கச் சொன்ன இடத்துக்கு இந்தப் பக்கமே நின்று, கடைகள் இருக்கும் பக்கத்திலிருந்து எடுக்கலாம். ரோல் வாங்கக் காசு கேட்டு வீட்டில் நிற்கும்போதெல்லாம் அம்மா சொல்வது, “எடுக்கது எடு, தண்ணிக்குக் கிட்ட மட்டும் போயிராத, நீ ஒருத்தன்தான் படிக்க.” எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே நான் 135 லென்ஸ் கட்சி.

தடை இல்லாத நாளில் இன்னொரு கட்டுப்பாடு. பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பக் கூடாது, அருவியின் மேல்பாதி மட்டும் எடுப்பதாக இருந்தாலும் சரி. நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. அந்தச் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? அதிகாலையில் கூட்டம் வரும் முன்னே போய்விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எடுத்து முடித்த ரோலைச் சுருட்டி, வந்த டப்பாவிலேயே போட்டு, மேலே தேதியும் ஐஎஸ்ஓ-வும் எழுதிவிடுங்கள். 400 ஃபிலிமை 800 என்று வைத்து எடுத்திருந்தால் ரோல் முழுக்க அப்படியே இருக்க வேண்டும், லேபுக்கும் சொல்ல வேண்டும். பாதியில் மாற்றினால் எந்த லேபாலும் காப்பாற்ற முடியாது. நான் கூரியரில் சென்னைக்கு அனுப்புகிறேன், திரும்பி வரப் பத்து நாளுக்குக் குறையாது. நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லி மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஸ்கேன் மட்டும் வரும். ஒவ்வொரு படத்துக்கும் என்ன ஃபில்டர், என்ன எஃப், என்ன ஷட்டர் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தால்தான் பத்து நாள் கழித்து வரும் படத்திலிருந்து ஏதாவது கற்க முடியும். என் நோட்டு ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம்தான், லேப் அசிஸ்டெண்ட் சாருக்கு இன்னும் தெரியாது. வரும் சீசனுக்கு முன் கேமராவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் மத்தியான இடைவேளையில் மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாருங்கள். பி.எல்.-ஐயும் கால்குலேட்டரையும் காட்டுகிறேன். ரோல் மட்டும் உங்கள் செலவு.